ஜெயமுள்ள கிறிஸ்தவ வாழ்க்கை: விசுவாசத்தில் தொடங்கி ஊழியத்துக்கு வர ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களோடு உட்கார்ந்து வேதம் வாசிக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். அவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆர்வத்துக்குக் குறைச்சலே இருக்காது. இரண்டாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுவார்கள். முதல் மாதத்திலேயே எல்லா ஊழியத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டு, நான்காவது மாதத்தில் ஆராதனைக்கே வராமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அதனால் படிகளை வரிசையாகவே தருகிறேன். ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, அதைத் தாண்டிக் குதித்தால் எங்கே போய் முட்டும் என்பதையும் கூடவே சொல்கிறேன்.

தொடங்கும் முன் தேவையானவை

கோடு போடத் தயங்காத ஒரு வேதாகமம். போனில் வாசித்தாலும் சரி, ஆனால் அந்த நேரத்துக்கு மட்டுமாவது அறிவிப்புகளை நிறுத்தி வையுங்கள். ஒரு சாதாரண நோட்டு. தினமும் ஒரே வேளையில் இருபது நிமிடம். மனம் திறந்து பேசக்கூடிய, விசுவாசத்தில் உங்களைவிடக் கொஞ்சம் முன்னே நடக்கிற ஒருவர்.

பதவி தேவையில்லை, பேச்சுத்திறமை தேவையில்லை. ‘இன்னும் எனக்குள் அந்த அனல் வரவில்லை’ என்று காத்திருக்கவும் வேண்டாம். உணர்ச்சி சில நாள் முன்னால் வரும், சில நாள் பின்னால் வரும், சில நாள் வரவே வராது. அதை வைத்து நாள் குறித்தால் தொடங்கவே மாட்டீர்கள்.

1. ‘ஜெயம்’ என்பதன் பொருளை முதலில் தீர்மானியுங்கள்

இதைச் செய்யாமல் போகிறவர்கள், தவறான அளவுகோலை வைத்துக்கொண்டு தங்களைத் தாங்களே தோல்வி என்று அறிவித்துவிடுகிறார்கள். பிரச்சினை வராத வாழ்க்கை, சோதனை எட்டிப்பார்க்காத மனம், நினைத்ததெல்லாம் கைகூடும் நாட்கள்: ஜெயம் என்றால் இவைதான் என்று நினைப்பவருக்கு முதல் காய்ச்சலிலேயே விசுவாசம் ஆடிப்போகும்.

‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற வசனத்தைச் சுவரில் மாட்டியிருப்போம். பிலிப்பியர் 4:13. அதற்கு முந்தின வசனத்தை யாரும் மாட்டுவதில்லை. தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் பழகியிருக்கிறேன் என்று பவுல் அங்கே சொல்கிறார். அதை எழுதும்போது அவர் காவலில் இருந்தார். அந்த ‘எல்லாவற்றையும்’ என்பதற்குள் பசியும் அடக்கம்.

ரோமர் 8:37-ம் அப்படித்தான். ‘இவையெல்லாவற்றிலேயும்’ முற்றும் ஜெயங்கொள்ளுகிறவர்களாயிருக்கிறோம் என்கிறது. எவையெல்லாம் என்று 35-ஆம் வசனத்தைப் பாருங்கள்: உபத்திரவம், வியாகுலம், துன்பம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம். அவற்றிலிருந்து விலக்கிவைக்கப்பட்டவர்கள் என்று எழுதியிருக்கவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதியது இது: ‘கிறிஸ்துவின் கையை விடாமல் இருப்பது, விழுந்தால் சீக்கிரம் எழுந்திருப்பது, பக்கத்தில் இருப்பவருக்குப் பயன்படுவது.’ உங்களுடையது வேறு மாதிரி இருக்கலாம். எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2. பெற்றுக்கொண்டதை எழுதி வையுங்கள்

செய்ய வேண்டியதன் பட்டியலுக்குப் போகும் முன், ஏற்கெனவே கிடைத்ததன் பட்டியல் வேண்டும். எபேசியர் நிருபத்தைப் பாருங்கள். ஆறு அதிகாரம். முதல் மூன்றில் ‘இதைச் செய்யுங்கள்’ என்ற கட்டளை ஏறக்குறைய கிடையாது. 2-ஆம் அதிகாரத்தில் ‘நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒன்று வருகிறது, அதுவும் பெற்றதை நினைக்கச் சொல்வதுதான். நான்காம் அதிகாரத்திலிருந்துதான் நடக்கை, பேச்சு, குடும்பம், வேலை எல்லாம் வருகின்றன.

அதே நிருபத்தில் 2:8 முதல் 10 வரை வரிசை இன்னும் தெளிவு. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு; அது தேவனுடைய ஈவு, அதாவது இலவசப் பரிசு; அதற்கு அப்புறம்தான் நற்கிரியைகள். கிரியை வேர் அல்ல, காய். காயை எடுத்து மண்ணில் நட்டுவிட்டு மரத்தைத் தேடினால் எப்படி?

எழுத வேண்டியவை: மன்னிப்பைப் பற்றி ஒரு வசனம், தேவனுடைய பிள்ளை என்ற உரிமையைப் பற்றி ஒன்று, அவர் காத்துக்கொள்வதைப் பற்றி ஒன்று. நான் புதியவர்களுக்குக் கொடுப்பது 1 யோவான் 1:9, யோவான் 1:12, யோவான் 10:28. மூன்றையும் மனப்பாடம் செய்யுங்கள்.

ஏன் மனப்பாடம் என்றால், இந்த வசனங்கள் தேவைப்படும் நேரம் பெரும்பாலும் இரவு இரண்டு மணி. பழைய தவறு ஒன்று திடீரென்று நினைவுக்கு வந்து, ‘நீயெல்லாம் ஒரு விசுவாசியா’ என்று கேட்கும். அப்போது எழுந்து விளக்கைப் போட்டு வேதாகமத்தைத் தேடுகிறவர்கள் குறைவு.

இந்தப் படியைத் தாண்டியவர்களை எளிதாக அடையாளம் காணலாம். அவர்களுடைய ஊழியத்தில் ஒரு பதற்றம் இருக்கும். பாராட்டு கிடைக்காவிட்டால் சுருங்கிவிடுவார்கள். தேவனிடம் தங்கள் கணக்கில் ஏதோ வரவு வைக்கப் பார்க்கிறார்கள். ஈவுக்குத் தவணை கட்டுவது களைப்பான வேலை.

3. பழைய கணக்கை நேராக்குங்கள்

பாவ அறிக்கை என்றால் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும்; எப்படிச் செய்வது என்பதில்தான் சிக்கல். ‘ஆண்டவரே, நான் அறிந்தும் அறியாமலும் செய்த எல்லாப் பாவங்களையும் மன்னியும்’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். பொதுவாகச் சொன்னால் பொதுவான நிம்மதிதான் கிடைக்கும். நேற்று மதியம் சொன்ன பொய்யைப் பொய் என்று பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள்.

அப்புறம் மனிதர்கள். மத்தேயு 5:23-24-இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு. ஊழியமும் ஒரு காணிக்கைதான். அதனால்தான் இந்தப் படி ஊழியத்துக்கு முன்னால் வருகிறது. வீட்டில் ஒருவரோடு பேச்சில்லாமல் இருந்துகொண்டு வெளியே ஒருவருக்கு ஆறுதல் சொல்லப் போனால், சொல்கிற நமக்கே அது ஒட்டாது.

மன்னிப்புக் கேட்கும்போது ‘ஆனால்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ‘நான் கத்தியது தப்புதான், ஆனால் நீயும்…’ என்று தொடங்கினால் இரண்டாம் சண்டைக்குப் பிள்ளையார் சுழி போட்ட மாதிரி. (இந்த இடத்தில் இந்தப் பழமொழியா என்று கேட்காதீர்கள், வாயில் வருவது வருகிறது.) பணமோ பொருளோ வாங்கித் திருப்பித் தராமல் இருந்தால், சொல் போதாது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றான். நீங்கள் முழுதாகக் கொடுத்தாலே போதும், தவணையாக இருந்தாலும்.

ஒரு எச்சரிக்கை. எதிரில் இருப்பவருக்குத் தெரியாத, தெரிந்தால் அவரைக் காயப்படுத்த மட்டுமே பயன்படும் ஒன்றை, உங்கள் மனபாரம் இறங்குவதற்காக அவர் தலையில் கொட்டாதீர்கள். ‘உங்களைப் பற்றி மனசுக்குள் எத்தனை நாள் கசப்பாக நினைத்தேன் தெரியுமா’ என்று போய்ச் சொல்வது இந்த வகை. அதைத் தேவனிடமும், தேவைப்பட்டால் போதகரிடமும் சொல்லுங்கள். இன்னொன்று: உங்களைக் கொடுமைப்படுத்தியவரை மன்னிப்பதும், அவரோடு மறுபடி ஒரே கூரையின் கீழ் போய் இருப்பதும் ஒன்றல்ல. மன்னிப்பு உங்கள் கையில் இருக்கிறது. மறுபடி நம்பிக்கை வருவது அவருடைய மனமாற்றத்தைப் பொறுத்தது.

4. இருபது நிமிடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. இயேசு எப்படி நடந்தார், யாரிடம் நின்றார், யாரைத் தொட்டார் என்று வேகமாகக் காட்டுகிற புத்தகம் அது. பின்னால் நீங்கள் செய்யப்போகிற ஊழியத்துக்கு மாதிரி அங்கேதான் கிடைக்கும்.

முதல் ஐந்து நிமிடம் அமைதியாக வாசிப்பு. அடுத்த ஐந்து நிமிடம் அதே பகுதியில் மனதைத் தடுத்து நிறுத்திய ஒரு வசனத்தை மட்டும் நோட்டில் எழுதி, ‘இது தேவனைப் பற்றி என்ன சொல்கிறது, என்னிடம் என்ன கேட்கிறது’ என்று இரண்டு வரி. மீதி நேரம் ஜெபம். ஜெபத்தை அந்த வசனத்திலிருந்தே தொடங்கினால் மனம் அலைவது குறையும்.

பத்து அதிகாரம் ஒரே நாளில் வாசித்துவிட்டு அடுத்த பத்து நாள் தொடாமல் இருப்பது பொதுவான தவறு. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பக்கத்தைத் திறந்து விரல் வைத்து ‘இன்றைய வார்த்தை’ எடுப்பது இன்னொன்று. மூன்றாவதை நல்ல விசுவாசிகளும் செய்வார்கள்: வாசிக்கும்போதே ‘இது அவருக்குச் சரியாகப் பொருந்துமே’ என்று அடுத்தவருக்கு வசனம் பொறுக்குவது. காலையில் வாசித்தது முதலில் உங்களைக் கேள்வி கேட்கட்டும்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு வாசித்து ஈடுகட்ட முயலாதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். கடன் சேரச் சேர நோட்டைத் திறக்கவே பயமாக இருக்கும்.

5. சோதனை வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. கோபமோ, இச்சையோ, பொய்யோ, புறங்கூறுதலோ, எதில் வழக்கமாக விழுகிறீர்களோ, அது நடந்த மணி, இடம், அதற்கு முன் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். தீர்ப்பு எழுத வேண்டாம்.

இரண்டு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் கோபத்தை ஆவிக்குரிய பெரிய போராட்டம் என்றே நினைத்திருந்தார். எழுதிப் பார்த்தால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் அரை மணி நேரத்தில்தான் எல்லாமே நடந்திருந்தது. வீட்டுக்குள் நுழையும் முன் வெளியே ஐந்து நிமிடம் நின்று ஜெபித்துவிட்டு உள்ளே போகத் தொடங்கினார். போராட்டம் முடிந்துவிடவில்லை, ஆனால் வீட்டில் வித்தியாசம் தெரிந்தது.

தாவீது ராஜா இன்னொருவன் மனைவியோடு பாவத்தில் விழுந்ததும் ஒரு நேரத்தோடும் இடத்தோடும்தான் சொல்லப்பட்டிருக்கிறது. 2 சாமுவேல் 11-ஐத் திறந்து பாருங்கள். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலம். இவர் எருசலேமிலேயே இருந்துவிட்டார். சாயங்காலம், படுக்கையிலிருந்து எழுந்து அரமனை உப்பரிகையின்மேல் (மொட்டைமாடியில்) உலாத்தல். வேலையில்லாத நேரம், தனிமை, உயரமான இடம். உங்களுடைய உப்பரிகை எது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் குறிப்பு.

கண்டுபிடித்த பிறகு அந்த நேரத்துக்கென்று ஒரு வசனமும் ஒரு செயலும் தயாராக இருக்கட்டும். வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வந்தவை, 6-ஆம் அதிகாரமும் 8-ஆம் அதிகாரமும். புதிதாக வாதம் செய்யவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்ததை எடுத்தார். செயல் என்றால் எழுந்து வேறு அறைக்குப் போவது, போனைக் கூடத்தில் வைத்துவிட்டுத் தூங்குவது, நம்பிக்கையான ஒருவருக்குப் போன் செய்வது. 1 கொரிந்தியர் 10:13 சோதனையோடுகூடத் தப்பித்துக்கொள்ளும் போக்கையும் உண்டாக்குவார் என்கிறது. அந்தப் போக்கு பல நேரம் வாசற்கதவாகவே இருக்கும்.

குடி, போதைப்பொருள், விடாத மனச்சோர்வு போன்றவை இருந்தால் ஜெபத்தோடு மருத்துவரிடமும் போங்கள். அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவரைக் கேட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

6. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஊழியத்தைத் தொடங்குங்கள்

இப்போதுதான் ஊழியம். ஊழியம் என்றதும் பலருக்கு மேடையும் மைக்கும்தான் நினைவுக்கு வரும். யோவான் 13-இல் இயேசு சீஷர்களுடைய காலைக் கழுவினார்; அந்த ஊழியத்துக்குத் தேவைப்பட்டது ஒரு பாத்திரத் தண்ணீரும் இடுப்பில் கட்டிய சீலையும்.

நோட்டில் ஒரே ஒரு பெயர் எழுதுங்கள். ‘ஏழைகள்’, ‘நோயாளிகள்’ என்று எழுதாதீர்கள். கூட்டத்தை நேசிப்பது சுலபம், கூட்டம் நம்மிடம் திரும்பிப் பேசாது. பெயரும் முகவரியும் உள்ள ஒருவர், வாரத்துக்கு ஒரு முறை உங்களால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருப்பவர். வீட்டுக்குள்ளேயே அப்படி ஒருவர் இருந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள். தன் வீட்டாரை விசாரியாமற்போவதைப் பற்றி 1 தீமோத்தேயு 5:8 சொல்வது கடுமையானது.

அடுத்தது கேட்பது. குருடனான பர்திமேயு வழியோரத்தில் உட்கார்ந்து இயேசுவைக் கூப்பிட்டபோது அவனுக்கு என்ன வேண்டும் என்பது எல்லாருக்கும் வெளிச்சம். அப்படியும் இயேசு, ‘நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்’ என்று கேட்டார். நாம் கேட்பதில்லை. முடிவு செய்துகொண்டு போகிறோம்.

நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். பல மாதமாகப் படுக்கையில் இருந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். 23-ஆம் சங்கீதத்தில் காகிதம் வைத்துத் தயாராகப் போயிருந்தேன். நலம் விசாரித்ததும் வாசிக்கத் தொடங்கிவிட்டேன், இடையிடையே விளக்கமும் சொன்னேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தார். வசனம் உள்ளே இறங்குகிறது என்று எனக்குள் ஒரு திருப்தி. முடித்ததும் மெல்லச் சொன்னார்: ‘தம்பி, அந்தத் திரையைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள்.’ ஜன்னல் வெயில் அவ்வளவு நேரமும் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவரால் தலையைத் திருப்ப முடியாது.

அடுத்த வாரம் போனதும், ‘ஐயா, நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார். நகம் வளர்ந்து வளைந்திருந்தது. தனக்குக் கை நடுங்குகிறது என்றும், வீட்டில் எல்லாரும் ஏற்கெனவே அவ்வளவு செய்கிறார்கள், இதையும் எப்படிக் கேட்பது என்றும் சொன்னார். வெந்நீர் வைத்து, நகத்தை ஊறவிட்டு, வெட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அன்றைக்கு நான் வேதாகமத்தைத் திறக்கவில்லை. கிளம்பும்போது அவரே, ‘அந்தச் சங்கீதத்தை வாசிக்கிறீர்களா’ என்று கேட்டார்.

போகும் இடத்தில் கவனிக்க வேண்டியவை சில. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். உடம்பு முடியாதவரிடம் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம், அவரே பிடித்து வைத்தால் ஒழிய. ‘எனக்குத் தெரிந்த ஒருவருக்கும் இதே வியாதிதான், பாவம், அவர்…’ என்று தொடங்கும் எந்தக் கதையையும் சொல்லாதீர்கள். ‘எல்லாம் நன்மைக்கே’ என்பதும் துக்க வீட்டின் முதல் வாரத்தில் வேண்டாம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாள் வரை அவர்கள் நல்ல சிநேகிதர்களாகத்தான் இருந்தார்கள்; வாயைத் திறந்தபோதுதான் கெட்டது.

தேவை கண்ணுக்குத் தெரியும்போது ‘உங்களுக்காக ஜெபிக்கிறேன்’ என்று மட்டும் சொல்லிக் கிளம்பிவிடாதீர்கள். குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்றும் கொடாமல் அனுப்புகிறவரைப் பற்றி யாக்கோபு 2:15-16-இல் இருக்கிறது. ஜெபிப்பதாக இருந்தால், அனுமதி கேட்டு, அங்கேயே, சுருக்கமாக ஜெபித்துவிடுங்கள். வேறு நம்பிக்கை உள்ளவராக இருந்து வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். செய்கிற உதவியை அதற்கு விலையாக்காதீர்கள்.

புகைப்படம் வேண்டாம். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயு 6:3 சொல்கிறது. நம்முடைய இடதுகையில்தான் போன் இருக்கிறது.

7. எல்லை போடுங்கள்

வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதையை (லூக்கா 10) நாம் பாதியில் நிறுத்திப் படிக்கிறோம். காயம் கட்டினான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் பராமரித்தான். மறுநாள் என்ன செய்தான்? இரண்டு பணத்தைச் சத்திரக்காரன் கையில் கொடுத்துவிட்டுத் தன் வழியே புறப்பட்டான். திரும்பி வரும்போது பார்க்கிறேன் என்றான். அவனுக்கும் போக வேண்டிய ஊர் இருந்தது. பொறுப்பை இன்னொருவரோடு பகிர்ந்ததால் அவன் இரக்கம் குறைந்துபோகவில்லை.

கலாத்தியர் 6:2 ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. தமிழில் இரண்டும் ‘பாரம்’. கிரேக்கத்தில் இரண்டு வெவ்வேறு சொற்கள். முதலாவது ஒருவரை நசுக்கும் சுமை, இரண்டாவது அவரவர் முதுகு மூட்டை. நோய், துக்கம், திடீர் இழப்பு எல்லாம் முதல் வகை. தன் பிள்ளையைத் தானே கண்டிப்பது, தன் கடனுக்குத் தானே பதில் சொல்வது இரண்டாம் வகை. மூட்டையையும் வாங்கிச் சுமந்தால் அவர் நடக்கப் பழகவே மாட்டார்.

எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. ஒரு வருடம் வாரத்தில் ஐந்து மாலை ஏதாவது ஒரு ஊழியம். ஒருநாள் ஒருவர் உதவி கேட்டுப் போன் செய்தபோது அவர் பெயரைத் திரையில் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. எடுக்கவில்லை. அந்த எரிச்சல்தான் அடையாளம். அப்போது காலை இருபது நிமிடம் எப்போதோ பத்தாகி, ஐந்தாகி, இல்லாமலே போயிருந்தது.

மாற்கு முதல் அதிகாரத்தில் ஒரு காட்சி இருக்கிறது. முந்தின சாயங்காலம் பட்டணம் முழுவதும் வாசலில். அதிகாலையில் இருட்டோடே இயேசு எழுந்து தனியிடம் போய் ஜெபம்பண்ணுகிறார். சீஷர்கள் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அவர் அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார். தேவை இருந்த எல்லா இடத்துக்கும் அவரும் போகவில்லை. ஜெபித்த பிறகுதான் எங்கே போவது என்று சொன்னார்.

நடைமுறையில்: வாரத்தில் ஒரு நாள் ஊழியமில்லாத நாள். பண உதவி என்றால் திரும்பி வராவிட்டாலும் மனம் கசக்காத அளவு மட்டும், மீதியைச் சபையோடு சேர்ந்து. பிள்ளைகளோடு வேலை செய்யும்போது அறைக்கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் கூட இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது. ஒருவர் உங்களிடம் அழுதுகொண்டே சொன்னதை ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரில் குழுவில் போடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ரகசியம் காக்க வேண்டாம், உடனே பொறுப்பானவர்களிடமும் அதிகாரிகளிடமும் சொல்லுங்கள்.

8. இருவராகப் போங்கள்

இயேசு தம்முடைய பன்னிரண்டு சீஷர்களையும் இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார், எழுபது பேரையும் அப்படியே. பாதுகாப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம், திரும்பி வரும் வழியில் ‘அங்கே நீ அப்படிப் பேசியிருக்க வேண்டாம்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

தொடக்கத்தில் குறித்த அந்த நம்பிக்கையான நபரை மாதம் இரண்டு முறையாவது சந்தியுங்கள். 5-ஆம் படியின் குறிப்பை அவரிடம் காட்டுங்கள். ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும் இதைச் செய்வது நல்லது. ஒன்றைக் கவனியுங்கள்: நல்ல வழிகாட்டி உங்களைக் கிறிஸ்துவிடம் தள்ளிவிடுவார். திருமணம், வேலை, பணம் எல்லாவற்றுக்கும் தன் அனுமதி வேண்டும் என்றும், கேள்வி கேட்பதே கலகம் என்றும் சொல்கிறவரிடமிருந்து விலகுங்கள்.

9. விழுந்தால் என்ன செய்வது

விழுவீர்கள். அதனால்தான் இது ஒரு படியாகவே இருக்கிறது.

முதலில் நேரம். விழுந்ததற்கும் திரும்பி வருவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் பெரும்பாலும் விழுகையைவிட அதிகம் கெடுக்கிறது. ‘இரண்டு வாரம் ஒழுங்காக இருந்து காட்டிவிட்டு ஜெபிக்கிறேன்’ என்று தள்ளிப் போடுவோம். அன்றைக்கே, அழுக்கோடே, முழங்காற்படியிடுங்கள். 2-ஆம் படியில் மனப்பாடம் செய்தது இங்கே வேலைக்கு வரும்.

பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது கரிநெருப்புப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு. உயிர்த்தெழுந்த பின் கடற்கரையில் இயேசு அவரை மறுபடி சந்தித்தபோதும் அங்கே கரிநெருப்பு போட்டிருந்தது; யோவான் 18-லும் 21-லும் அதே சொல். மூன்று மறுதலிப்பு; ‘என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று கேள்வி. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் வேலை கொடுக்கப்பட்டது, ஆடுகளை மேய்க்கச் சொல்லி.

அப்படியானால் விழுந்த மறுநாளே ஊழியத்துக்குத் திரும்பலாமா? என் கருத்து: கோபம், சோம்பல், கவனச்சிதறல் போன்றவை என்றால் அறிக்கையிட்டுத் தொடருங்கள், நிறுத்தினால் மனச்சோர்வுதான் கூடும். நம்பிக்கையை உடைத்து இன்னொருவருக்குத் தீங்கு செய்திருந்தால் பொறுப்பிலிருந்து இறங்கி, சபைக்குப் பதில் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவரின் நலன் உங்கள் ஊழியத்தைவிட முக்கியம். அது சட்டம் தலையிட வேண்டிய தீங்கு என்றால் சபையோடு விஷயத்தை முடித்துக்கொள்ள முடியாது.

சில விழுகைக்குக் காரணம் வெறும் களைப்பு. 1 இராஜாக்கள் 18-இல் கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைப் பார்த்த எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’ என்கிறார். தேவதூதன் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டார், மறுபடி படுத்தார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவனுடைய கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது. ஆகவே பெரிய தீர்மானம் எடுக்கும் முன் எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு வாருங்கள்.

10. நாற்பது நாளுக்கு ஒருமுறை பாருங்கள்

நாற்பது என்பதில் மாயம் எதுவும் இல்லை. மாற்றம் தெரியப் போதுமான இடைவெளி, மறந்துபோகாத அளவு குறுகல். நோட்டைப் புரட்டி மூன்று கேள்வி: காலை இருபது நிமிடம் எத்தனை நாள் நடந்தது? விழுந்த பின் எழும் இடைவெளி குறைந்திருக்கிறதா? நான் தேர்ந்தெடுத்தவருக்கு உண்மையில் என்ன நடந்தது? மூன்றாவது கேள்விக்கு ‘எனக்கு மிகவும் ஆசீர்வாதமாக இருந்தது’ என்று பதில் எழுதினால், கேள்வியை மறுபடி படியுங்கள்.

மூன்றும் ஓரளவு நன்றாக இருந்தால் இரண்டாவது பெயரைச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் இன்னொரு நாற்பது நாள் அதே பெயரோடு.

கடைசியாக ஒரு சோதனை, தைரியம் உள்ளவர்களுக்கு மட்டும். கலாத்தியர் 5:22-23-இல் ஆவியின் கனி ஒன்பது சொல்லப்பட்டிருக்கிறது: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். ஒன்பதையும் ஒரு தாளில் எழுதி, உங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போடச் சொல்லுங்கள். அவர் எழுதும்போது பக்கத்தில் நிற்காதீர்கள், விளக்கம் கேட்காதீர்கள்.

சென்ற முறை என் மகளிடம் கொடுத்தேன். தயவுக்கு ஏழு. நீடியபொறுமைக்கு நான்கு போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘ஹோம்வொர்க் நேரத்தில் இரண்டு’ என்று எழுதியிருந்தாள். அடுத்த நாற்பது நாளுக்கான பக்கத்தின் மேல் வரியில் இப்போது அந்த நேரம்தான் இருக்கிறது: மாலை ஏழு மணி.